மௌனக் கங்காணி

இரண்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம். அவ்வளவுதான் அந்த மரக்கட்டை. நான்கு பக்கங்களிலும் நான்கு வர்ணம்: கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. உச்சியில் ஒரு கம்பி வளையம். ஆணியில் மாட்டி, எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் முன்னால் தெரியும்படி திருப்பி வைக்கலாம். தச்சுப் பட்டறையில் கிடந்தால், விளையாடுவதற்கு ஏதாவது ஒரு குழந்தை பொறுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் இருநூறு வருஷங்களுக்கு முன் ஸ்காட்லாந்து தேசத்தில், கிளைட் நதிக்கரையில் இருந்த நியூ லானார்க் என்ற ஊரில், இந்தக் கட்டையின் கறுப்புப் பக்கம் தன் தலைக்கு மேல் தெரிகிறதே என்று வயது வந்த ஆண்களும் பெண்களும் கூனிக் குறுகி வேலை செய்தார்கள்.

அந்தக் கட்டைக்கு அதைச் செய்தவர் வைத்த பெயரைத் தமிழில் சொல்வதானால் ‘மௌனக் கங்காணி’ என்று சொல்லலாம்.

இத்தனை தூரம் போய் ஒரு மரக்கட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். மாதச் சம்பளம் வாங்குகிற நம் எல்லோருடைய பெயரிலும் எங்கோ ஒரு கட்டை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சில காரியாலயங்களில் அது காகிதம். சிலவற்றில் கம்ப்யூட்டர் திரை. அதன் எந்தப் பக்கம் முன்னால் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மகளின் கல்யாணம் இந்த வருஷமா, அடுத்த வருஷமா என்பது முடிவாகிறது. அப்படிப்பட்ட ஒரு வஸ்துவுக்குச் சரித்திரம் இல்லாமற் போகுமா? தவிர, எனக்குச் சொந்த முறையிலும் இதில் ஓர் அக்கறை உண்டு. கதை எழுதுகிறவன் செய்வதும் இதே வேலைதான். ஒரு மனிதனை இரண்டு வரியில் நல்லவன், கோழை, கஞ்சன் என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். எங்களுக்கு ஒரு சௌகரியம், எங்கள் பாத்திரங்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை.

ராபர்ட் ஓவன் 1771-ல் வேல்ஸ் நாட்டில் ஒரு சிற்றூரில், குதிரைச் சேணம் செய்து விற்பவர் ஒருவருக்குப் பிறந்தார். பத்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஜவுளிக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். இருபது வயதில் மான்செஸ்டரில் 500 பேர் வேலை செய்யும் ஒரு நூற்பாலைக்கு மானேஜர். 1799-ல் நியூ லானார்க் ஆலைகளைக் கூட்டாளிகளோடு சேர்ந்து 60,000 பவுனுக்கு வாங்கினார். விற்றவர் டேவிட் டேல் என்ற கிளாஸ்கோ வியாபாரி. அதே வருஷம் டேலின் மகளையும் ஓவன் கல்யாணம் செய்துகொண்டார். ஆலை முதலா, பெண் முதலா என்பதில் சரித்திராசிரியர்களுக்கு ஐயம் இல்லை, பெண்தான். அவளுடைய தந்தையோடு அறிமுகம் செய்துகொள்ள ஒரு சாக்காகத்தான் ஆலையை விலை கேட்கப் போனதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1800-ம் வருஷத்துத் தொடக்கத்தில் அவர் நிர்வாகத்தை ஏற்றபோது ஆலையும் கிராமமுமாகச் சுமார் 2,000 பேர் இருந்தார்கள். அவர்களில் 500 பேர் வரை குழந்தைகள். எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை விடுதிகளிலிருந்து ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை வேலை. பெரியவர்களிடம் குடி இருந்தது. திருட்டும் இருந்தது. நூல் கண்டுகள் ஆலைக்கு வெளியே தாமாக நடந்து போய்க்கொண்டிருந்தன. புதிதாக வந்த முதலாளியோ வேற்று நாட்டான். அவன் பேசும் இங்கிலீஷே அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. இவன் வந்திருப்பது நம்மை இன்னும் கொஞ்சம் பிழிவதற்குத்தான் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்து மற்ற முதலாளிகள் இதற்கு வைத்திருந்த மருந்துகள் மூன்று: பிரம்பு, அபராதம், சீட்டுக் கிழிப்பு. ஓவன் அடிப்பதைத் தடுத்தார், திட்டுவதையும் தடுத்தார். அநாதைக் குழந்தைகளைப் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்தினார். கிராமத்தில் ஒரு கடை வைத்து, நல்ல சாமான்களை மலிவாக விற்றார். இவற்றுக்கு நடுவில்தான் இந்தக் கட்டையும் வந்தது.

ஒவ்வொரு தொழிலாளியும் நேற்று எப்படி வேலை செய்தான் என்பதை மேஸ்திரி காலையில் கட்டையைத் திருப்பிக் காட்டிவிடுவார். மோசம் என்றால் கறுப்பு. சுமார் என்றால் நீலம். நன்று என்றால் மஞ்சள். மிக நன்று என்றால் வெள்ளை. அந்த வர்ணத்துக்கு உரிய எண், கறுப்புக்கு 4 முதல் வெள்ளைக்கு 1 வரை, ஒரு பேரேட்டில் அவரவர் பெயருக்கு நேரே தினந்தோறும் பதிவாகும். இதற்கு நடத்தைப் புத்தகம் என்று பெயர். மேஸ்திரிகளுக்கும் கட்டை உண்டு. அவர்களுக்கு மேலே இருந்தவர்கள் அதைத் திருப்பினார்கள்.

ஓவன் ஆலைக்குள் நடந்து போவார். ஒன்றும் பேசமாட்டார். கட்டையைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், அப்புறம் அடுத்த ஆளிடம் போவார். தண்டனை அவ்வளவுதான். ஆரம்பத்தில் திரும்பின பக்கமெல்லாம் கறுப்பாக இருந்தது என்றும், கொஞ்சங் கொஞ்சமாகக் கறுப்பு நீலமாகி, நீலம் மஞ்சளாகி, வெள்ளையும் தலைகாட்டத் தொடங்கியது என்றும் அவர் முதுமையில் எழுதின சுயசரிதத்தில் சொல்கிறார். அந்தப் புத்தகம் 1857-ல் வெளிவந்தது. ஓர் எண்ணைப் பேரேட்டில் பதிவு செய்யும் செயலை, விண்ணுலகில் மனிதர்களுடைய நன்மை தீமைகளை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்படும் தேவதையின் வேலைக்கு அதில் அவர் ஒப்பிட்டிருக்கிறார். நமக்கு அந்தத் தேவதை புதியவர் அல்ல. காஞ்சீபுரத்தில் தனிக் கோயிலே கட்டிக்கொண்டு, ஒரு கையில் எழுத்தாணியும் மறு கையில் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். சித்திரகுப்தனுடைய கணக்கில் ஒரு நியாயம் உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். யமதர்மராஜன் சபையில் கணக்கு வாசிக்கப்படுகிறபோது, சம்பந்தப்பட்ட ஜீவன் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. வெளியே போகச் சொல்லிவிட்டு வாசிப்பதில்லை.

ஓவனும் இந்த நியாயத்தைப் பின்பற்றினார். மேஸ்திரி தன் விஷயத்தில் அநியாயமாக வர்ணம் திருப்பிவிட்டார் என்று ஒருவன் நினைத்தால், அந்த எண் பேரேட்டில் ஏறுவதற்கு முன்பே நேராக ஓவனிடமோ, அவர் ஊரில் இல்லாத நாளில் அவருக்கு அடுத்தவரிடமோ போய் முறையிடலாம். முதலில் முறையீடு, பிறகு பதிவு. அந்த வரிசைதான் முக்கியம். பதிவான பிறகு முறையிடுவது என்பது, உப்பு அதிகமாகிவிட்டது என்று சாப்பாடு முடிந்த பிறகு சொல்வதைப் போன்றது.

அப்படி முறையிட்டவர்கள் மிகச் சிலர்தான் என்று ஓவன் பெருமையோடு குறிப்பிடுகிறார். இந்த இடத்தில் எனக்குச் சிறிது சந்தேகம். புகார் வரவில்லை என்றால் நியாயம் நடந்தது என்றும் அர்த்தம் பண்ணலாம். மறுநாளும் அதே மேஸ்திரியின் கீழ்தான் வேலை செய்தாக வேண்டும் என்று பயந்தார்கள் என்றும் அர்த்தம் பண்ணலாம். ஆலையில் நூல் நூற்ற பெண்கள் யாரும் சுயசரிதம் எழுதவில்லை. இன்னொரு குறையும் எனக்குப் படுகிறது. ஒருவனுடைய கறுப்பை அவன் மட்டும் பார்த்தால் போதாதா? பக்கத்து யந்திரத்துக்காரனும் எதிர்வீட்டுக்காரியும் பார்க்கும்படி தொங்கவிட வேண்டுமா? பிரம்பு போய்விட்டது என்பது வாஸ்தவம். பிரம்படி முதுகில் படும். இது முகத்தில் பட்டது.

ஆனாலும் அந்த ஜனங்கள் ஓவனை நம்பினார்கள். அதற்குக் காரணம் கட்டை அல்ல. பிரிட்டனோடு ஏற்பட்ட தகராறில் அமெரிக்கா தன் துறைமுகங்களை அடைத்துவிட்டது. பருத்தி விலை தாறுமாறாக ஏறியது. மற்ற ஆலைகள் ஆட்களை வெளியே அனுப்பின. அல்லது கிடைத்த விலைக்குப் பருத்தி வாங்கி நஷ்டப்பட்டன. ஓவன் யந்திரங்களை நிறுத்திவிட்டு, அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் வேலையை மட்டும் கொடுத்து, நான்கு மாத காலம் எல்லோருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார். 7,000 பவுனுக்கு மேல் செலவு. ஒரு காசு பிடித்தம் இல்லை. அந்த நான்கு மாதத்துக்குப் பிறகுதான் அவர் சொன்ன சொல்லுக்கு ஊரில் மதிப்பு வந்தது. ஆலைக்காரர்கள் கட்டையை மாத்திரம் காப்பியடித்துவிட்டு இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள் என்பது அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எல்லோருடைய கட்டையையும் பார்த்துக்கொண்டு நடந்த ஓவனுக்குக் கட்டை கிடையாதா என்றால், உண்டு. அது வருஷாந்திர லாபக் கணக்கு. அதைப் பார்த்தவர்கள் அவருடைய கூட்டாளிகள். ஆலை நன்றாக லாபம் தந்தது. இருந்தாலும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று இந்த மனிதர் பணத்தை விரயம் செய்கிறாரே என்று அவர்களுக்கு எரிச்சல். கடைசியில் ஆலையையே ஏலத்துக்குக் கொண்டுவந்து, மலிவான விலைக்குத் தாங்களே எடுத்துக்கொண்டு ஓவனை வெளியேற்றிவிடலாம் என்று திட்டமிட்டார்கள். ஆலை உருப்படாமற் போய்விட்டது, சொன்ன விலை பெறாது என்று கிளாஸ்கோ முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 1813-ம் வருஷம் டிசம்பர் கடைசி நாளில் ஏலம். ஓவன் ரகசியமாக வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். விலை ஏறிக்கொண்டே போய் 1,14,100 பவுனில் நின்றது. ஆலை ஓவனுக்கே வந்தது. உருப்படாத ஆலைக்கு எதிராளிகள் அதுவரை கேட்டுக்கொண்டே வந்தார்களே, அதுதான் அவர்கள் தம்மை அறியாமல் ஓவனுக்குக் கொடுத்த நற்சான்று. அவர் ஊர் திரும்பியபோது ஜனங்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள்.

புதுக் கூட்டாளிகளில் ஒருவர் பெயர் ஜெரமி பெந்தாம். தத்துவ ஞானி. நடுவிலே ஒரு கோபுரத்தில் ஒரே ஒரு காவற்காரன் இருந்துகொண்டு, சுற்றியுள்ள அறைகளில் உள்ள கைதிகள் அத்தனை பேரையும் அவர்கள் அறியாமல் பார்க்கும்படியான சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டவர் இவர்தான். அந்தச் சிறை அவர் நினைத்தபடி கட்டப்படவில்லை. அவருடைய பணம் மட்டும் மௌனக் கங்காணி தொங்கிய ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கதையில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர், ‘ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே, நம்பும்படியாக இல்லை’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்தக் கட்டையின் வம்சம் பிறகு எப்படியெல்லாம் பெருகியது என்பதை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற பெரிய கம்பெனிக்கு 1981 முதல் 2001 வரை தலைவராக இருந்தவர் ஜாக் வெல்ச். அவர் வகுத்த கணக்கின்படி மானேஜர்கள் தங்கள் ஆட்களை வருஷந்தோறும் மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். மேலே நூற்றுக்கு 20, நடுவில் 70, அடியில் 10. அடியில் உள்ள பத்துக்கு வேலை நிலைக்காது. ஓவனுடைய ஆலையில் என்றாவது ஒரு நாள் எல்லாக் கட்டையும் வெள்ளையாகத் திரும்பியிருந்தால் அவர் ஆனந்தப்பட்டிருப்பார். வெல்ச்சின் கணக்கிலோ அப்படி ஒரு நாள் வரவே முடியாது. பத்துப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்தாலும் ஒருவன் கறுப்புத்தான். வகுப்பில் எல்லாப் பையன்களும் நூறு மார்க் வாங்கினாலும் ஒருவனைப் பெயிலாக்கியே தீருவேன் என்கிற வாத்தியாரை நாம் என்ன சொல்வோம்? இந்த முறையை உலகத்துக் கம்பெனிகள் பல வருஷங்கள் கொண்டாடின. இதைப் போன்ற ஒரு முறையை வைத்திருந்த மைக்ரோசாப்ட் 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரன் கறுப்பானால்தான் நான் தப்ப முடியும் என்றிருக்கும் இடத்தில், யார் யாருக்கு உதவி செய்வார்கள்?

இதற்கு முன்பே, ஒரு கூடை மணியை வைத்துக்கொண்டு இந்த விவகாரம் முழுவதையும் சந்தி சிரிக்க வைத்தவர் ஒருவர் உண்டு. எட்வர்ட்ஸ் டெமிங். அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர். 1950-ல் ஜப்பானுக்குப் போய், சரக்கின் தரத்தை உயர்த்துவது எப்படி என்று அங்குள்ள தொழிலதிபர்களுக்குப் பாடம் சொன்னவர். அவர் தம் வகுப்புகளில் ஒரு நாடகம் நடத்துவார். கூடையில் 4,000 மணிகள். 3,200 வெள்ளை, 800 சிவப்பு. வெள்ளை மணி நல்ல சரக்கு, சிவப்பு மணி பழுது. வகுப்பிலிருந்து ஆறு பேரைத் தொழிலாளிகளாகப் பொறுக்கி எடுப்பார். ஐம்பது குழிகள் உள்ள ஒரு துடுப்பைக் கூடைக்குள் விட்டு எடுக்க வேண்டும், வெள்ளை மணியாகவே கொண்டுவர வேண்டும், இதுதான் வேலை. கண்டிப்பான மேஸ்திரியாக டெமிங்கே நடிப்பார். ஒருவருக்கு ஆறு சிவப்பு வரும். பாராட்டி, சம்பள உயர்வு என்பார். இன்னொருவருக்குப் பதினைந்து வரும். கவனம் போதாது என்று எச்சரிப்பார். மறுநாள் வேலையில் பாராட்டுப் பெற்றவருக்குப் பன்னிரண்டு வரும். ‘பார்த்தீர்களா, உயர்வு கொடுத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது!’ திட்டு வாங்கினவருக்கு எட்டு வரும். ‘பார்த்தீர்களா, திட்டினதும் திருந்திவிட்டார்!’ கடைசியில் மோசமான மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறந்த மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு இரட்டை வேலை வாங்குவார். சிவப்பு குறையாது. எப்படிக் குறையும்? ஐந்தில் ஒரு பங்கு சிவப்பைக் கூடையில் கொட்டினவர் முதலாளி அல்லவா? வகுப்பு சிரித்துக்கொண்டே இருக்கும். சிறிது நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிடும். ஒவ்வொருவருக்கும் தம் காரியாலயம் ஞாபகம் வந்திருக்கும். 1986-ல் வெளிவந்த புத்தகம் ஒன்றில், நிர்வாகங்களைப் பிடித்திருக்கும் கொடிய வியாதிகள் என்று டெமிங் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். வருஷா வருஷம் ஆளுக்கு மார்க் போடும் வழக்கமும் அதில் ஒன்று.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம்.

ஓவனுடைய கட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. நமக்கு வாய்த்தது நேர் எதிரான ஒன்று. சம்பந்தப்பட்டவனைத் தவிர மற்றவர்கள் பார்க்கலாம். சதியை ஒழித்தார் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்டிங்க் பிரபு, 1828 முதல் 1835 வரை கவர்னர் ஜெனரலாக இருந்தவர், கும்பினி உத்தியோகஸ்தர்களின் நடத்தையையும் திறமையையும் பற்றி மேலதிகாரிகள் அந்தரங்கமாக எழுதி அனுப்ப வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். வயது ஏற ஏறப் பதவி தானாக ஏறும் என்று நிம்மதியாக இருந்த வெள்ளைக்கார சிவிலியன்களுக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. பெண்டிங்க் கப்பலேறிய பிறகு அது கைவிடப்பட்டது. ஆனால் யோசனை சாகவில்லை. சர்க்கார் பெருகப் பெருக, அந்தரங்கக் குறிப்பும் திரும்பி வந்து வேரூன்றிவிட்டது. சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரன் போனான், அவன் பூட்டிவிட்டுப் போன அலமாரியை நாம் அப்படியே பூட்டி வைத்துக்கொண்டோம்.

காரியாலயங்களில் அதற்குச் ‘சி.ஆர்.’ என்று பெயர். தமிழில் ‘மந்தணக் குறிப்பு’ என்று எழுதினாலும் பேச்சில் சி.ஆர்.தான். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு வருஷம். ஒருவர் எழுதுவார், அவருக்கு மேலே ஒருவர் பார்ப்பார், அதற்கும் மேலே ஒருவர் ஒப்புக்கொள்வார். கெட்டதாக ஏதாவது எழுதினால் மட்டும் அந்த ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றபடி உறை, முத்திரை, அலமாரி.

அதில் நாணயம் என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பும் முறையைப் பற்றிச் சர்க்கார் வகுத்த உத்தரவை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்க முடியாது. ஒருவருடைய நாணயத்தில் சந்தேகம் இல்லை என்றால் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது’ என்று எழுத வேண்டும். சந்தேகம் இருந்தாலோ அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தனியே ஒரு ரகசியக் குறிப்பு எழுதி விசாரணை செய்ய வேண்டும். ஆகவே, ஒன்றும் எழுதாமல் விட்ட அந்த வெள்ளைக் காகிதம்தான் இருக்கிறவற்றுள் பெரிய வசவு! நியூ லானார்க்கில் வெள்ளை நிறம் தேவர் பதவி. நம்முடைய கட்டத்தில் அதுவே நரகம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். ஒரு சர்க்கார் காரியாலயத்தில் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம்.

“மார்ச் மாசம் வந்துட்டா ஆபீசே மாறிப்போயிடும் தம்பி. யாரும் லீவு போட மாட்டான். அதுவரைக்கும் அதிகாரியைக் கண்டா ஒதுங்கிப் போறவன்கூட, ‘அம்மாவுக்கு உடம்பு எப்படிங்க சார் இருக்கு?’ன்னு விசாரிப்பான்” என்பார்.

“உங்களைப் பற்றி என்ன சார் எழுதினார்கள்?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? முப்பத்துநாலு வருஷம், முப்பத்துநாலு சி.ஆர். ஒண்ணையாவது கண்ணால பார்த்ததில்லை. எனக்கு அப்புறம் சேர்ந்தவன் ரெண்டு பேரு என்னைத் தாண்டிப் போனாங்க. தப்பு நடந்ததுன்னு நான் சொல்லலை தம்பி. அவங்க கெட்டிக்காரங்களாகவே இருக்கலாம். என்கிட்ட என்ன குறைன்னு யாராவது சொல்லியிருந்தா சரி பண்ணிக்கிட்டிருப்பேனே!”

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தம்மைப் பற்றி எழுதப்பட்ட முப்பத்துநாலு அத்தியாயங்களையும் படிக்காமலே அவர் காலமாகிவிட்டார்.

இந்த அலமாரியின் பூட்டைத் திறக்க வைத்தது, யாரும் எதிர்பாராத ஒரு வார்த்தை. வசைச் சொல் அல்ல. ‘நன்று’ என்ற வார்த்தை.

எல்லைப்புறச் சாலைகளைப் போடும் இலாகாவில் தேவ் தத் என்பவர் நிர்வாக இஞ்சினீயராக இருந்தார். அடுத்த பதவி கண்காணிப்பு இஞ்சினீயர். அந்தப் பதவிக்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள்: கடைசி ஐந்து வருஷக் குறிப்புகளிலும் ‘மிக நன்று’ என்று இருக்க வேண்டும். இவருடைய 1993-94-ம் வருஷக் குறிப்பில் ‘நன்று’ என்றுதான் இருந்தது. பதவி உயர்வுக் குழு இவரை ஒதுக்கிவிட்டது. இவரைவிட இளையவர்கள் மேலே போனார்கள். ‘நன்று’ என்பது கெட்ட குறிப்பு அல்லவே, ஆகையால் அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டிய அவசியம் இல்லை என்றது சர்க்கார். கெட்டதை மட்டும் சொன்னால் போதும் என்பதுதானே விதி! கௌஹாத்தி ஹைக்கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

இந்த வழக்கில் எனக்குள்ள ருசி பாஷை சம்பந்தப்பட்டது. நம் வீடுகளில் இது தெரியாத விஷயமா? பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், ‘பெண் நல்ல குணம்’ என்று மட்டும் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். சங்கீதக் கச்சேரிக்குப் போய்விட்டு வந்து, ‘தம்பூரா நன்றாகச் சேர்ந்திருந்தது’ என்றால் பாடினவர் கதி என்ன? ஒரு சொல்லின் பொருள் அகராதியில் இல்லை. பக்கத்தில் வேறு என்ன சொல் கிடைத்திருக்கக்கூடும் என்பதில் இருக்கிறது. எல்லோரும் ‘மிக நன்று’ வாங்கும் இடத்தில் ‘நன்று’ என்பது கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது.

நீதிபதிகள் 2008-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி கொடுத்த தீர்ப்பில் இதைத்தான் சட்டத்தின் பாஷையில் சொன்னார்கள். குறிப்புக்கு என்ன பெயர் என்பது முக்கியமல்ல. அதனால் என்ன விளைந்தது என்பதே முக்கியம். ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமற் செய்கிற குறிப்பு, எத்தனை இனிமையாக இருந்தாலும் பாதகமான குறிப்புத்தான். ஆகவே மோசம், சுமார், நன்று, மிக நன்று எதுவானாலும் ஒவ்வொரு சிவில் ஊழியருக்கும் அவரவர் குறிப்பு முழுவதையும் காட்ட வேண்டும். அதற்கு எதிராக எழுத அவருக்குச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். நல்ல குறிப்பையும் காட்டுவானேன் என்றால், நன்றாக வேலை செய்கிறவனுக்கு அது தெரிய வேண்டாமா என்றார்கள். மறு வருஷம் மே 14-ந் தேதி மத்திய சர்க்கார் அதற்கேற்ப உத்தரவு போட்டது. அந்தரங்கம் என்ற சொல்லைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெரிய பெஞ்சு இன்னொரு வழக்கில் இதை உறுதி செய்தது.

பார்க்கக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். படிக்கப் போகிறவன் எதிரே இருக்கிறான் என்று தெரிந்ததும் எழுதுகிறவர்களின் பேனா இளகிவிட்டது. எல்லோருக்கும் பத்துக்கு ஒன்பது போட்டுவிடுகிறார்கள் என்று காரியாலயங்களில் குறைபட்டுக்கொள்கிறார்கள். இருக்கட்டும். ஒன்பது வாங்கினவன் ஏன் பத்து இல்லை என்றாவது கேட்கலாம். திண்ணைப் பெரியவருக்கு அந்தக் கேள்விகூடக் கிடைக்கவில்லை.

தேவ் தத்துக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே! தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவருடைய 1993-94 குறிப்பை இரண்டு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவிட்டது. முறையீட்டின் பேரில் ‘நன்று’ என்பது ‘மிக நன்று’ ஆகுமானால், அவர் இனி உட்காரப்போகாத அந்த நாற்காலிக்கு முன் தேதியிட்டு அவர் பெயரைப் பரிசீலிக்க வேண்டும். உயர்வு கிடைத்தால் சம்பள பாக்கியை எட்டு சதவிகித வட்டியோடும், கூடுதல் பென்ஷனையும் கொடுக்க வேண்டும். அதற்கு முதற்படியாக, பதினான்கு வருஷத்துக்கு முன் தம்மைப் பற்றி எழுதப்பட்ட அந்த ஒரு வார்த்தைக்குப் பதில் எழுதிக்கொள்ள அவருக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள்.